2006-இல் நோவெல் கையெழுத்துப் போட்டபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள்?

திரி தொடங்கியவர்:
யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய இயங்குதளமான லினக்ஸை வளர்க்கும் அமைப்பு லினக்ஸ் ஃபவுண்டேஷன். அதில் மைக்ரோசாஃப்ட் உறுப்பினர் என்றால் இன்று வேலைக்கு வரும் பிள்ளைகள் "அதுக்கென்ன?" என்கிறார்கள். 2006 நவம்பர் 2 அன்று, சூசே என்ற லினக்ஸ் வகையின் உரிமையாளரான நோவெல், லினக்ஸின் போட்டியாளரான மைக்ரோசாஃப்டோடு ஒப்பந்தம் போட்ட சேதி வந்தபோது இருந்த சூட்டை அனுபவித்தவர்கள் எழுதுங்களேன். நான் அப்போது ஒரு சின்ன அலுவலகத்தில் சூசே சர்வர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலாளி கேட்டார்: "இனிமே இதை மைக்ரோசாஃப்ட்கிட்ட வாங்கணுமா?" அபத்தமான கேள்வி இல்லை. தன் வாடிக்கையாளர்களுக்குக் கொடுப்பதற்காக, சூசே சந்தாக் கூப்பன்களை 24 கோடி டாலருக்கு எடுத்துக்கொள்ள மைக்ரோசாஃப்டே ஒப்புக்கொண்டிருந்தது.

மறுமொழி:
கூப்பன் எங்களை உறுத்தவில்லை சார். காப்புரிமைப் பகுதிதான். காப்புரிமையை மீறியதாக வழக்குப் போடமாட்டோம் என்ற மைக்ரோசாஃப்டின் வாக்குறுதி, நோவெலிடம் காசு கொடுத்து வாங்கியவர்களுக்கு. அதே கெர்னலை (லினக்ஸின் மையப்பகுதி) டெபியன் என்ற இன்னொரு லினக்ஸ் வகையில் ஓட்டிய எனக்கு? சில வாரங்களிலேயே மைக்ரோசாஃப்டின் அன்றைய தலைமைச் செயல் அதிகாரி ஸ்டீவ் பால்மர், லினக்ஸ் பயன்படுத்தும் நிறுவனங்களின் கணக்கில் வெளியே தெரியாத கடன் ஒன்று இருக்கிறது என்கிற பாணியில் பேசினார். நாங்கள் எந்தக் காப்புரிமையையும் மீறியதாக ஒப்புக்கொள்ளவில்லை என்று நோவெல் கடிதம் எழுத வேண்டியதாயிற்று.

அந்த மாதம் எங்கள் பயனர் குழுக் கூட்டத்தில் நிறுவல் வகுப்பு நடக்கவே இல்லை, முழுக்கச் சண்டை. "பெரிய கம்பெனிங்க விவகாரம், நமக்கெதுக்கு" என்றவர்களும் இருந்தார்கள். டிசம்பரில் சாம்பாவை (விண்டோஸோடு கோப்புகளைப் பகிர உதவும் மென்பொருள்) உருவாக்கியவர்களில் ஒருவரான ஜெரமி ஆலிசன், இந்த ஒப்பந்தத்தை எதிர்த்து நோவெல் வேலையை விட்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு அடங்கியது. வேலையையே உதறும் அளவுக்கு ஒருவருக்குச் சுட்டிருக்கிறதே!

2007 ஜூனில் வந்த ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தின் மூன்றாம் பதிப்பு, இப்படி ஆள் பார்த்துக் கொடுக்கும் காப்புரிமை உடன்பாடுகளுக்குத் தடை போட்டது. மார்ச் 28-க்கு முன் போட்டவை மட்டும் தப்பின. நோவெலுடையது அதில் அடக்கம்.

மறுமொழி:
நான் எதிர்க்கட்சி. எங்களிடம் ஒரே பெட்டியில் விண்டோஸும் சூசேவும் ஓடின. இரண்டும் சேர்ந்து ஓடுவதற்கு இரண்டு கம்பெனியும் பொறுப்பு என்றதும் மேலாளர் நிம்மதியானார், லினக்ஸுக்கு இன்னும் இரண்டு சர்வர் கிடைத்தது. கொள்கை பேசி அது கிடைத்திருக்காது. ஆனால் மைக்ரோசாஃப்டின் .நெட் நுட்பத்தை லினக்ஸில் ஓட்டும் மோனோவில் எழுதிய டாம்பாயைச் சிபாரிசு செய்ததற்கு எங்கள் குழுவில் என்னைத் துரோகி மாதிரி பார்த்தார்கள். குறிப்பு எழுதுகிற மென்பொருள் ஐயா அது!

திரி தொடங்கியவர்:
மோனோ சண்டைக்குத் தனித் திரி வேண்டும் :) 2007-இல் சாந்ட்ரோஸ், லின்ஸ்பயர் என்ற லினக்ஸ் நிறுவனங்களும் மைக்ரோசாஃப்டோடு அதே மாதிரி ஒப்பந்தம் போட்டன. ரெட் ஹேட்டும் உபுண்டுவும் மாட்டோம் என்றன. 2018 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் 60,000 காப்புரிமைகளோடு ஓப்பன் இன்வென்ஷன் நெட்வொர்க்கில் சேர்ந்தது. அங்கே லினக்ஸ் விஷயத்தில் உறுப்பினர்களுக்குள் வழக்குக் கிடையாது, யாரும் காசில்லாமல் சேரலாம். டெபியன்காரருக்கு இப்போது திருப்தியா?

மறுமொழி:
பாதி. 2006-இல் நாங்கள் கேட்டது அதைத்தான், எல்லோருக்கும் ஒரே வாக்குறுதி. ஆனால் 2018 ஜூனில் 750 கோடி டாலருக்கு, நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பை வாங்குவதாக அறிவித்தார்களே, அன்றே என் ரெப்போக்களை (நிரல் சேமிப்புகளை) அதுபோன்ற இன்னொரு தளமான கிட்லேபுக்கு மாற்றினேன். திரும்பக் கொண்டுவரும் உத்தேசம் இல்லை.