ரெண்டு நாளைக்கு எலிக்குச் சோறு யார் போடுவது?

குழு: மாயவரம் வீடு
வியாழக்கிழமை

குமார் சித்தப்பா, மாலை 6:40
சனிக்கிழமை 4 மணிக்கு வேன். திருக்கடையூரில் ராத்திரி தங்கல். ஞாயிறு காலை அண்ணனுக்கும் அண்ணிக்கும் கலச அபிஷேகம். கடைசி நேரத்தில் சேலை மாற்றிக்கொண்டு நிற்க வேண்டாம்.

வனஜா அத்தை
இது எனக்கா?

குமார் சித்தப்பா
பொதுவாகச் சொன்னேன் அக்கா.

நிலா
அப்பா, கடலையும் மிளகும் என்ன ஆவது?

வனஜா அத்தை
மளிகை லிஸ்ட் போன வாரமே கொடுத்தாச்சு.

நிலா
அத்தை, அது என் எலிகளின் பெயர். திருச்சியில் விட ஆள் இல்லை. சனிக்கிழமை மாயவரம் கொண்டுவருகிறேன்.

வனஜா அத்தை
எலியா?

செல்வி அக்கா (சார்ஜா)
அங்கே எல்லாரும் அரக்கா பச்சையா? நான் வீடியோ காலில் வருவேன், மேட்ச் பண்ண வேண்டும்.

வனஜா அத்தை
2014 பொங்கலுக்கு என் அப்புவைக் கொல்லையில் கட்டச் சொன்ன வீடு இது. எலிக்கு மட்டும் கூடமா?

சுதா சித்தி
அண்ணி, அப்பு வடகம் முழுவதையும் தின்றது.

வனஜா அத்தை
ஒரு தட்டுதான்.

நான்
ராத்திரி வீட்டில் யார் இருப்பார்கள்?

வனஜா அத்தை
அப்பாயி. அப்புறம் மாமா. அவருக்கு முட்டி வலி, வரவில்லை.

செல்வி அக்கா
ஓ, அந்த முட்டி வலியா. வயல் விற்ற வருஷத்திலிருந்து இருக்கிறதே.

ரவி பெரியப்பா
இனிய மாலை வணக்கம்
(படம்)

நிலா
சரி, மாமா பார்த்துக்கொள்வார் என்றால் ஒருமுறை முழுதாகச் சொல்லிவிடுகிறேன், படித்துக் காட்டுங்கள் அத்தை. கடலை 410 கிராம், மிளகு 380. ஒன்றுக்கு ஒரு நாளைக்கு 15லிருந்து 20 கிராம்தான் தீனி. ராத்திரிதான் விழித்திருக்கும், சாயங்காலம் வைத்தால் போதும். கடைக் கலவை கொடுத்தால் சூரியகாந்தி விதையை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு மீதியைத் தள்ளிவிடும், கொழுத்துப்போகும். அதனால் நானே டப்பாவில் போட்டுத் தருகிறேன்: கைக்குத்தல் அரிசி, கம்பு, கேழ்வரகு, கொஞ்சம் பூசணி விதை. கூடவே வெள்ளரி, கேரட், கொஞ்சம் முருங்கைக்கீரை. ஞாயிறு மட்டும் கட்டைவிரல் நகம் அளவுக்கு அவித்த முட்டை. மிச்சம் கிடக்கும் ஈரத் தீனியைக் காலையில் எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் துணிக்கு அடியில் ஒளித்து வைத்துப் புளிக்க விடும். தண்ணீர் பாட்டில் எப்போதும் நிறைந்திருக்க வேண்டும். மே மாத வெயிலை அவை தாங்காது, ஃபேன் ஓடுகிற இடமாகப் பார்த்து வையுங்கள்.

வனஜா அத்தை
என் மாமியார் பத்தியச் சாப்பாடுகூட இவ்வளவு நீளம் இல்லை.

செல்வி அக்கா
மசால் வடை வைத்தால் தின்னாதா?

நான்
அது பொறியில் வைப்பது அக்கா.

நிலா
வடை, முறுக்கு, கருவாடு எதுவும் வேண்டாம். எலிக்கு வாந்தி எடுக்க வராது, தின்றது தின்றதுதான். அல்வா மாதிரி ஒட்டுகிற எதுவும் தொண்டையில் அடைத்தால் அவ்வளவுதான். வேகாத மொச்சை, ராஜ்மா கூடாது. ஆரஞ்சு, எலுமிச்சைத் தோல் கூடவே கூடாது, அதில் உள்ள எண்ணெய் ஆண் எலியின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். இரண்டும் ஆண்.

வனஜா அத்தை
பெண் எலிக்கு?

நிலா
அதற்கு ஒன்றும் செய்யாதாம்.

வனஜா அத்தை
நல்லது.

ரவி பெரியப்பா
ராஜஸ்தானில் தேஷ்னோக் என்ற ஊரில் கர்ணி மாதா கோயில். எலிகளுக்குப் பாலும் லட்டும் படைக்கிறார்கள். பிள்ளையாரின் மூஞ்சூறுக்கும் நாம் கொழுக்கட்டை படைக்கிறோம்.

குமார் சித்தப்பா
மூஞ்சூறு எலி இனமே இல்லை அண்ணா. அது பூச்சி தின்கிற வேறு சாதி.

ரவி பெரியப்பா
பிள்ளையாரிடம் சொல்.

நிலா
லட்டு தின்றால் என் எலிகள் பந்தாகிவிடும் பெரியப்பா. 1935இலேயே அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மெக்கே என்பவர் தீனியைக் குறைத்து வளர்த்த எலிகள் கூடுதல் நாள் இருந்ததைக் காட்டினார்.

வனஜா அத்தை
அண்ணா, சுகரை வைத்துக்கொண்டு லட்டைப் பற்றி எழுதுகிறாய். உனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறாள்.

சுதா சித்தி
ஐயர் கேட்ட பட்டியலில் தேன் எத்தனை பாட்டில்?

குமார் சித்தப்பா
2. இந்த எலி விஷயத்தில் நான் ஒன்று சொல்ல வேண்டும். வேளாண்மைத் துறையில் 30 வருஷம் எலியைக் கொல்லத்தான் சம்பளம் வாங்கினேன். சிங்க் பாஸ்பைடு வைக்குமுன் 2 நாள் மருந்தில்லாமல் வெறும் தீனி வைப்போம். அப்புறம்தான் 96 பங்கு தானியம், 2 பங்கு எண்ணெய், 2 பங்கு மருந்து. ஏனென்றால் புதுத் தீனியை எலி நம்பாது. துளி கடித்துவிட்டு உடம்புக்கு ஏதும் ஆகிறதா என்று காத்திருக்கும். ஆகவே அங்கே போய்ப் புதிதாக எதுவும் கொடுக்காதீர்கள். டப்பாவில் இருப்பதே போதும். கேழ்வரகைக் கொஞ்சம் வறுத்து வைத்தால் நன்றாகத் தின்னும்.

நிலா
அப்பா!! வறுத்ததுதான் டப்பாவில் இருக்கிறது.

சுதா சித்தி
வீட்டில் இவர்கள் இரண்டு பேரும் சாப்பிடும்போது இதைத்தான் பேசுகிறார்கள். இவர் விரட்டினார், அவள் வளர்க்கிறாள், தீனி ஒன்றுதான்.

நான்
சித்தப்பா, தீபாவளிக்கு வந்தபோது பரணில் எலி கேக் வைத்தீர்களே?

நிலா
என்னது?

குமார் சித்தப்பா
ஆமாம். 4.

நிலா
அத்தை, இப்போதே எடுக்கச் சொல்லுங்கள், தயவுசெய்து. கூண்டைத் திறந்து விளையாட விடுவேன், எங்கேயாவது ஓடினால்?

குமார் சித்தப்பா
பதறாதே. ஆனால் எடுக்கத்தான் வேண்டும். தின்றாலும் உடனே தெரியாது, சில நாள் கழித்து உள்ளே ரத்தம் கசியும். கை உறை போட்டு எடுக்கணும் அக்கா.

செல்வி அக்கா
அரக்கா பச்சையா, யாராவது சொல்லுங்கள்.

வனஜா அத்தை, இரவு 8:05
3 கிடைத்தது. பாலிதீன் பையில் கட்டி வைத்தாச்சு.

குமார் சித்தப்பா
4 வைத்தேன்.

வனஜா அத்தை
3தான் இருக்கிறது.

நிலா
வீட்டு எலி இழுத்துப்போய் எங்கேயாவது பதுக்கியிருக்கும். அது கிடைக்கும்வரை நான் எலிகளைக் கொண்டுவர மாட்டேன். நானும் வரமாட்டேன்.

சுதா சித்தி
நிலா.

குமார் சித்தப்பா
கூண்டுக்குள்ளேயே இருக்கட்டும், ஒன்றும் ஆகாது.

நிலா
ரெண்டு நாள் கூண்டுக்குள்ளேயா?

வனஜா அத்தை, இரவு 8:31
அப்பாயி சொல்கிறார்: பத்தாயத்து நெல்லைத் தின்றதுகளுக்கே 60 வருஷம் சோறு போட்டேன், இதற்குப் போட மாட்டேனா. முட்டைத் துண்டை யார் நறுக்கி வைப்பது என்று கேட்கிறார். கண் தெரியவில்லையாம்.

நான்
மாமா?

வனஜா அத்தை
மாமா டார்ச்சோடு பரணில் ஏறியிருக்கிறார். நாலாவதைத் தேடுகிறார். முட்டி வலி எங்கே போனது என்று யாரும் கேட்க வேண்டாம்.

ரவி பெரியப்பா
நான் கேட்கவில்லை. வேனில் ஒரு சீட் காலியாக இருக்கிறது என்று மட்டும் சொல்.

வனஜா அத்தை
நீயே சொல்லலாமே. நம்பர் இருக்கிறது.

ரவி பெரியப்பா
பரணில் இருப்பவருக்குப் போன் போடக் கூடாது.

நிலா
மாமா வேனில் வந்துவிட்டால் எலிக்கு யார்?

குமார் சித்தப்பா
முதலில் நாலாவது கிடைக்கட்டும்.

செல்வி அக்கா
பச்சையா?