மகளுக்குப் பல் விழுந்ததைக்கூடப் பார்க்கவில்லை. போனைக் கீழே வைக்க உங்களுக்கு எது உதவியது?

சிங்காநல்லூர்க்காரன்:

வணக்கம் நண்பர்களே. கோவையில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன், வயது 38. போன வாரம் ஒரு நாள் ராத்திரி சாப்பிட்டுவிட்டு ஹாலில் சாய்ந்தபடி ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருந்தேன். 7 வயது மகள் பக்கத்தில் வந்து நின்று ஏதோ சொன்னாள், நானும் "ம்... ம்..." என்று சொல்லியிருக்கிறேன். அரை மணி நேரம் கழித்து அவள் அம்மிச்சியிடம் போனில், "பல்லு விழுந்துருச்சு, அப்பாகிட்ட காட்டுனேன், அப்பா பாக்கல" என்று சொல்வது காதில் விழுந்தது. பென்சில் டப்பாவுக்குள் காகிதத்தில் மடித்து வைத்திருந்தாள், அரிசி அளவுக்கு ஒரு பல். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

முயற்சி செய்யாமல் இல்லை. இன்ஸ்டாகிராமை அழித்தேன், பத்து நாளில் அந்த நேரமெல்லாம் யூடியூப் ஷார்ட்ஸுக்குப் போய்விட்டது. ஆண்ட்ராய்டில் டிஜிட்டல் வெல்பீயிங்கில் 30 நிமிடம் என்று டைமர் வைத்தேன். நேரம் முடிந்ததும் ஆப் சாம்பல் நிறமாகிவிடும், நானே செட்டிங்ஸுக்குப் போய் டைமரை எடுத்துவிடுவேன், பத்து விநாடிகூட ஆகாது. முழுக்க அணைத்து வைக்கவும் வழியில்லை, ஏனென்றால் ஆபீஸ் குரூப்பில் ராத்திரி 9 மணிக்குக்கூட இன்வாய்ஸ் கேட்பார்கள். அதைப் பார்க்கப் போனை எடுத்தால் ஒரு மணி நேரம் கழித்துத்தான் கீழே வைக்கிறேன்.

வேலை, வீடு, தூக்கம் மூன்றும் ஒழுங்காக இருக்க வேண்டும், அவ்வளவுதான் கேட்கிறேன். ஆப் பெயர் வேண்டாம், நீங்கள் வீட்டில் உண்மையிலேயே செய்து பார்த்ததைச் சொல்லுங்கள்.

திண்டுக்கல் தையல்காரி:

தம்பி, படித்ததும் மனசு கனத்துவிட்டது. எனக்கும் இரண்டு பிள்ளைகள், அதனால் பட்டதைச் சொல்கிறேன். ஒரு நாள் முழுக்க எதற்கெல்லாம் போனை எடுக்கிறேன் என்று அளவு நோட்டின் பின்பக்கத்தில் குறித்துப் பார்த்தேன். மணி பார்க்க, அலாரம் நிறுத்த, நல்ல நேரம் பார்க்க, பாட்டுக் கேட்க, கணக்குப் போட. இதில் ஒன்றுகூடத் தப்பான வேலை இல்லை, ஆனால் ஒவ்வொரு தடவையும் மணி பார்க்க எடுத்து வாட்ஸ்அப்பில் போய் நின்றிருக்கிறேன். அதனால் அந்த வேலைகளை ஒவ்வொன்றாகப் போனிடமிருந்து பிடுங்கினேன். கட்டில் பக்கத்தில் ஒரு சாதாரண அலாரம் கடிகாரம், சுவரில் தேதி கிழிக்கிற காலண்டர், மெஷின் பக்கத்தில் ஒரு கால்குலேட்டர், அப்புறம் ஒரு சின்ன ரேடியோ. இங்கே கொடைக்கானல் பண்பலை 100.5 நன்றாகக் கிடைக்கும். பாட்டை நான் தேடி எடுக்க வேண்டியதில்லை, அடுத்தது என்ன வரும் என்று தெரியாமல் கேட்பதில் ஒரு சுகம் இருக்கிறது, கையும் துணியை விட்டு நகராது.

சார்ஜர் சமையலறை அலமாரிக்குப் போய்விட்டது. முதல் ஒரு வாரம் விடிகாலையில் கை தானாகத் தலையணைக்கு அடியில் துழாவும். அது போகப் போகச் சரியாகிவிட்டது.

நைட் டூட்டி:

அக்கா சொல்வது நல்ல வழிதான், ஆனால் எல்லோராலும் ராத்திரி போனைச் சமையலறையில் விட முடியாது. நான் நர்ஸ். அம்மா கும்பகோணத்தில் தனியாக இருக்கிறார், இதய நோயாளி. எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் நான் எடுத்தாக வேண்டும், போன் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கிற கயிறு மாதிரி.

அதனால் நான் செய்தது வேறு. 'தொந்தரவு செய்யாதே' அமைப்பில் அம்மா, பக்கத்து வீட்டு மாமா, வார்டு என்று மூன்று எண்களுக்கு மட்டும் அனுமதி. திரும்பக் கூப்பிடுபவர்களுக்கான அனுமதியையும் போட்டிருக்கிறேன், ஆண்ட்ராய்டில் 15 நிமிடத்துக்குள் ஒரே எண்ணிலிருந்து இரண்டாவது தடவை அழைப்பு வந்தால் மணி அடித்துவிடும், ஆக உண்மையான அவசரம் எதுவும் தவறாது. வாட்ஸ்அப்பில் குரூப்களை 'எப்போதும்' மியூட் செய்து ஆர்க்கைவில் தள்ளிவிட்டேன், படமும் வீடியோவும் தானாக இறங்குவதையும் நிறுத்திவிட்டேன். காலை வணக்கப் பூக்கள் எல்லாம் இப்போது நான் போய்த் திறந்தால்தான் உண்டு.

இன்னொன்று, ராத்திரி இன்வாய்ஸ் விஷயத்தை மேலாளரிடம் நேராகப் பேசுங்கள் அண்ணா. அவசரம் என்றால் கூப்பிடுங்கள், குரூப்பில் போட்டால் காலையில்தான் பார்ப்பேன் என்று சொல்லிவிடுங்கள். கூப்பிட்டுக் கேட்கிற அளவுக்கு அவசரமான வேலை குறைவாகத்தான் இருக்கும்.

பழைய ரீசார்ஜ்:

இரண்டு பேர் சொன்னதும் சரி. நான் ஒரு விஷயம் சேர்க்கிறேன், இதை யாரும் பேசுவதில்லை என்று எனக்கு வருத்தமே உண்டு. 2016 செப்டம்பரில் ஜியோ வருவதற்கு முன்னால் மாதத்துக்கு 1 ஜிபி போட்டு அதை எண்ணி எண்ணிச் செலவழித்தோம். இப்போது பெரும்பாலான பிளான்களில் தினக்கணக்கு, 1.5 ஜிபி, 2 ஜிபி என்று. நள்ளிரவு தாண்டினால் மிச்சம் போய்விடும். ராத்திரி 11 மணிக்கு "இன்னும் 900 எம்பி இருக்கே" என்று நானே எத்தனையோ நாள் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், சோற்றை மிச்சம் வைக்கக் கூடாது என்று வளர்ந்த கை இதையும் மிச்சம் வைக்க விடவில்லை. மீந்த டேட்டா மீந்ததாகவே போகட்டும் என்று மனசுக்குச் சொல்லிக்கொண்ட பிறகுதான் 10 மணிக்குப் படுக்க முடிந்தது.

மன உறுதி இல்லை என்று உங்களையே திட்டிக்கொள்ளாதீர்கள் தம்பி. பக்கம் முடியாமல் கீழே கீழே வந்துகொண்டே இருக்கும் அந்த ஏற்பாட்டை 2006-இல் வடிவமைத்த ஏசா ரஸ்கினே பின்னாளில் அதற்காக வருத்தப்பட்டுப் பேசியிருக்கிறார். முன்பெல்லாம் பக்கம் முடியும், 'அடுத்து' என்று அழுத்த வேண்டும், அந்த ஒரு நொடியில் போதும் என்று தோன்றும். அந்த நொடியை எடுத்துவிட்டார்கள்.

யூடியூபில் வாட்ச் ஹிஸ்டரியை அழித்து அணைத்துப் பாருங்கள். 2023-இலிருந்து அப்படிச் செய்தால் முகப்பில் பரிந்துரை வீடியோக்கள் வருவதில்லை, தேடினால்தான் ஏதாவது பார்க்க முடியும். எனக்கு இது டைமரைவிட உதவியது.

சிங்காநல்லூர்க்காரன்:

மூன்று பேருக்கும் மனமார்ந்த நன்றி. 16 நாள் ஆகிறது, அதனால் எழுதுகிறேன். ஹிஸ்டரியை அணைத்ததும் யூடியூப் முகப்பு வெறுமையாக இருந்தது, இரண்டு மூன்று தடவை திறந்து பார்த்துவிட்டு மூடினேன். மேலாளரிடமும் பேசினேன், சரி என்றார், இதுவரை ஒரே ஒரு தடவைதான் கூப்பிட்டிருக்கிறார். சார்ஜர் இப்போது வாசல் பக்கத்தில் சாவி மாட்டும் இடத்தில். ஆனால் 9 மணிக்கு மேல் கை சும்மா இருப்பது இன்னும் பழகவில்லை, இரண்டு நாள் எழுந்து போய் எடுத்துவிட்டேன், மறைக்க விரும்பவில்லை. மற்ற நாட்களில் மகள் பல்லாங்குழியை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறாள், புளியங்கொட்டையை அவள்தான் எண்ணிப் போடுகிறாள்.

அக்கா, அந்த ரேடியோ செல் போடுவதா, சார்ஜ் போடுவதா? ஊரில் அம்மாவுக்கும் ஒன்று வாங்கிக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன்.

திண்டுக்கல் தையல்காரி:

இரண்டு பெரிய செல் போடுவது தம்பி. கரண்ட் போனாலும் பாடும், அம்மாவுக்கு அதுதான் சௌகரியம்.