புதுப்பிப்பு: அம்மாவின் விலா எரிச்சல், அக்கிதான்

அம்மாவுக்கு இடது விலாவில் மட்டும் எரிச்சல், அப்புறம் கொப்புளம் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி. "ஒரே பக்கம் பட்டையாக வந்தால் அக்கி, 72 மணி நேரத்துக்குள் மாத்திரை தொடங்குங்கள்" என்ற யோசனைதான் கைகொடுத்தது. தோல் மருத்துவர் பார்த்ததுமே உறுதி செய்தார். வைரஸை அடக்கும் அசைக்ளோவிர் மாத்திரை 800 மி.கி., தினம் 5 வேளை, 7 நாள்.

எப்போதோ வந்த சின்னம்மையின் வைரஸ், முதுகுத்தண்டு ஓரத்து நரம்பு முடிச்சில் பதுங்கியிருந்து, அந்த ஒரு நரம்பின் வழியே கிளம்பியிருக்கிறது. அதனால்தான் உடம்பின் நடுக்கோட்டைத் தாண்டவில்லை.

கொப்புளம் காய்ந்து உதிர்ந்துவிட்டது. எதிர்பாராதது, வலி போகாததுதான். சேலை உரசினாலே சுளீரென்கிறது. நரம்பு பாதிப்பின் மிச்சமாம். இரவில் நரம்பு வலிக்கான கபாபென்டின் மாத்திரை, வலி மெல்லக் குறைகிறது.

காவி பூசி அக்கி எழுதச் சொன்னவர்களுக்கு: புண்ணில் மண் வேண்டாம் என்று விட்டுவிட்டோம். கொப்புள நீர் பட்டால் சின்னம்மை வராத குழந்தைக்கு அது தொற்றலாம் என்பதால், பேரனையும் தள்ளியே வைத்திருந்தோம்.