ஏபிஏ ஃபெல்லோ விண்ணப்பம்: யாரிடம் கடிதம் வாங்குவது, என்ன எழுதுவது?

கேள்வி

வணக்கம். ஒஹாயோவில் குழந்தைகளுக்கான கிளினிக்கல் சைக்காலஜிஸ்டாக இருக்கிறேன். அமெரிக்க உளவியல் சங்கத்தில் (ஏபிஏ) நெடுநாள் மெம்பர். அதன் துறைவாரிப் பிரிவுகளில் ஒன்றான டிவிஷன் 53 (குழந்தைகள், வளரிளம் பருவத்தினருக்கான கிளினிக்கல் சைக்காலஜி) மூலமாக, சிறந்த பங்களிப்புக்காகத் தரப்படும் ‘ஃபெல்லோ’ என்ற கௌரவ உறுப்பினர் நிலைக்கு விண்ணப்பிக்கிறேன். மூன்று பரிந்துரைக் கடிதங்கள் வேண்டும். என் பிஎச்.டி. கைடு அந்த டிவிஷனில் ஃபெல்லோ. இன்னொருவர் டிவிஷன் 12இல் (பொதுவான கிளினிக்கல் சைக்காலஜி) ஃபெல்லோ. மூன்றாமவர் என் வேலையை நன்றாக அறிந்தவர், ஆனால் ஏபிஎஸ் (உளவியல் அறிவியல் சங்கம்) என்ற வேறு அமைப்பில்தான் ஃபெல்லோ. இவர் கடிதம் செல்லுமா?

அப்புறம், என்னிடம் ஆய்வுக் கட்டுரைகள் குறைவு. வகுப்பறையில் பதற்றத்தால் தவிக்கும் பிள்ளைகளை ஆசிரியர்கள் எப்படிக் கையாளலாம் என்று ஒரு பயிற்சிக் கையேடு எழுதியிருக்கிறேன். அதை இந்தியானா, கென்டக்கி, ஓரிகன் மாநிலப் பள்ளிகள் சிலவற்றில் பயன்படுத்துகிறார்கள். இது போதுமா?

பதில் 1

ஏபிஎஸ் கடிதம் செல்லாது. அது 1988இல் ஏபிஏவிலிருந்து பிரிந்தவர்கள் தொடங்கிய தனி அமைப்பு. அங்கே ஃபெல்லோவாக இருப்பது பெரிய கௌரவம்தான், ஆனால் இங்கே கடிதம் எழுதுபவர் ஏபிஏ ஃபெல்லோவாக இருக்க வேண்டும். டிவிஷன் 12காரர் ஏபிஏ ஃபெல்லோதான். ஆனாலும் தங்கள் டிவிஷன் ஃபெல்லோக்கள் எத்தனை பேர் எழுத வேண்டும் என்று சில டிவிஷன்கள் தனி விதி வைத்திருக்கும். ஃபெல்லோ கமிட்டித் தலைவருக்கு இன்றே ஒரு மெயில் போட்டுக் கேட்டுவிடுங்கள். கெடு தேதியும் டிவிஷனுக்கு டிவிஷன் மாறும்.

மூன்றாமவரை விட்டுவிட வேண்டாம். உங்கள் கையேட்டைத் தன் மாணவர்களுக்கு அவர் பாடமாக வைத்திருந்தால், அதையே சான்றாகக் காட்டலாம்.

பதில் 2

கட்டுரை குறைவு என்று தயங்காதீர்கள் மேடம். ஆராய்ச்சிக்கு மட்டுமான கௌரவம் இல்லை இது. சிகிச்சை, பயிற்சி, பொதுச்சேவை எல்லாமே கணக்கில் வரும். விதியைக் கவனமாகப் படியுங்கள். பிஎச்.டி.க்குப் பிறகு ஐந்து வருட அனுபவம், ஒரு வருட மெம்பர்ஷிப் எல்லாம் உங்களுக்கு எளிது. சிக்கல் அடுத்ததில்தான்: உங்கள் வேலையின் தாக்கம் ஊர், மாநிலம், வட்டாரம் தாண்டி நாடு முழுக்கத் தெரிய வேண்டும். திறமையாகவும் விடாமலும் உழைப்பது மட்டும் போதாது என்று விதியே சொல்கிறது.

இந்தியானாவும் கென்டக்கியும் ஒஹாயோவுக்குப் பக்கத்து மாநிலங்கள். படிப்பவர் ‘வட்டார அளவு’ என்று ஒதுக்கிவிடலாம். உங்கள் கையில் இருக்கும் வலுவான சான்று, தொலைவில் மேற்குக் கரையில் இருக்கும் ஓரிகன்தான். அங்கே யார் கொண்டுபோனார்கள், நீங்கள் போகாமலே பயிற்சி நடக்கிறதா, அவர்கள் தங்கள் நடைமுறையில் எதை மாற்றினார்கள் என்று விசாரித்து எழுதுங்கள். ‘பல வருடமாகப் பயிற்சி அளிக்கிறேன்’ என்பது உழைப்பு. ‘எனக்கு அறிமுகமே இல்லாத மாவட்டம் இதை எடுத்து நடத்துகிறது’ என்பதுதான் தாக்கம்.

பரிந்துரைப்பவர்களுக்கும் இந்த விவரங்களை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். இல்லாவிட்டால் ‘கடின உழைப்பாளி, நல்ல மனம்’ என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். அன்பான கடிதமாக இருக்கும், விண்ணப்பத்துக்கு உதவாது. என் அபிப்பிராயத்தில், உங்களோடு வேலை செய்யாத ஒருவர் எழுதுவது கைடு எழுதுவதைவிட எடை கூடியது.

கேட்டவர்

மிக்க நன்றி. ஓரிகனில் ஒரு ஒருங்கிணைப்பாளரின் தொடர்பு இருக்கிறது, அவரிடம் கேட்கிறேன். டிவிஷன் ஒத்துக்கொண்டாலே ஃபெல்லோ ஆகிவிடலாமா?

பதில் 1

இல்லை. டிவிஷன் பரிந்துரைத்த பிறகு ஏபிஏவின் ஃபெல்லோ கமிட்டி பார்க்கும். கடைசியில் பிரதிநிதிகள் கவுன்சில் தேர்ந்தெடுக்கும், அடுத்த ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வரும். அதனால் சி.வி.யை உங்கள் துறையே தெரியாதவரும் படிப்பார் என்று நினைத்துத் தயார் செய்யுங்கள். நிபுணர் மதிப்பீட்டுக்குப் பின் வெளியான கட்டுரைகளுக்குப் பக்கத்தில் ‘ஆர்’ (R, ‘ரெஃபரீட்’ என்பதன் சுருக்கம்) என்ற ஆங்கில எழுத்தைப் போட மறக்காதீர்கள். ஒருமுறை ஃபெல்லோ ஆகிவிட்டால், பிறகு இன்னொரு டிவிஷனில் சேருவது அந்த டிவிஷன் அளவிலேயே முடிந்துவிடும்.