அப்பாவின் கணக்கு நோட்டில் 'மாமூல்': இதை லஞ்சம் என்று சொல்லலாமா?

இட்லிக்கடை மகள் (கேள்வி)

வணக்கம். ஒரு சொல்லைப் பற்றிக் கேட்க வேண்டும். கொஞ்சம் நீளமாகச் சொன்னால்தான் விளங்கும்.

என் அப்பா திருச்சிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில், பேருந்து நிலையத்துக்கு வெளியே தள்ளுவண்டியில் இட்லிக்கடை வைத்திருந்தார். அவர் இறந்து ஆறு வருடம் ஆகிறது. போன மாதம் அம்மா பரணைச் சுத்தம் செய்தபோது அவருடைய 1993ஆம் வருடத்துக் கணக்கு நோட்டு கிடைத்தது. நீளமான குயர் நோட்டு, ஓரமெல்லாம் எண்ணெய் இறங்கிப் பழுப்பேறிக் கிடக்கிறது. அரிசி, உளுந்து, மண்ணெண்ணெய், தேங்காய் என்று அன்றன்றைய செலவைப் பென்சிலில் எழுதியிருக்கிறார்.

எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகன் அதை ஆசையாகப் புரட்டிக்கொண்டிருந்தான். ஒரு பக்கத்தில் "மாமூல் டிரைவர், 6 இட்லி, பாக்கி 3.00" என்று இருந்தது. தினமும் வந்து சாப்பிடுகிற ஓட்டுநர் என்று சொன்னேன், புரிந்துகொண்டான். அதே பக்கத்தின் கீழே "மா. 20" என்று இருந்தது. "மாவு இருபது ரூபாயா?" என்று கேட்டான். நானும் மாவு என்றுதான் நினைத்தேன். அடுப்படியிலிருந்து அம்மா சொன்னார்: "அது மாவு இல்லைடா, மாமூல். சனிக்கிழமை சனிக்கிழமை வந்து வாங்கிட்டுப் போவாங்க."

புரட்டிப் பார்த்தால், அப்படித்தான் இருக்கிறது. சனிக்கிழமை தவறாமல் "மா. 20".

பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்படின்னா தாத்தா லஞ்சம் கொடுத்தாரா? கொடுக்கறதும் குற்றம்னு போர்டு எழுதி வச்சிருக்காங்களே" என்றான். எனக்குப் பதில் வரவில்லை. ஒரு காசு பாக்கி வைக்காமல் வாழ்ந்த மனிதர் அவர். மாமூலும் லஞ்சமும் ஒன்றுதானா? ஓட்டுநருக்கும் இந்த இருபது ரூபாய்க்கும் எப்படி ஒரே சொல் வந்தது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற மொழிபெயர்ப்பாளர்

அம்மா, நான் நீதிமன்றத்தில் சாட்சிகளின் வாக்குமூலங்களைத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றும் வேலையில் இருந்தவன். மாமூல் என்ற சொல் என் மேசைக்கு இரண்டு வகைக் கட்டுகளில் வரும்.

நிலத் தகராறுக் கட்டுகளில் கிரயப் பத்திரம் இருக்கும். அதில் "மாமூல் வண்டித்தடத்தில் போக வர உள்ள பாத்தியம்" என்று எழுதியிருப்பார்கள். தொன்றுதொட்டு நடந்துவரும் தடம் என்று அர்த்தம். இதில் தப்பு ஒன்றும் இல்லை. உங்கள் அப்பாவின் மாமூல் டிரைவரும் இந்த வகைதான். பழைய செய்தித்தாள்களில் கலவரம் அடங்கிய பிறகு "நகரம் மாமூல் நிலைக்குத் திரும்பியது" என்று போடுவார்களே, அதுவும் இதுவே.

சொல் அரபியிலிருந்து வந்தது. அங்கே 'மஃமூல்' என்றால் செய்யப்படுவது, நடைமுறையில் இருப்பது. 'அமல்' என்ற வேரிலிருந்து பிறந்தது. நாம் "சட்டம் அமலுக்கு வந்தது" என்கிறோமே, அதே அமல்தான். அமலாக்கத் துறைக்கும் மாமூலுக்கும் வேர் ஒன்று என்று முதலில் தெரிந்துகொண்ட நாளில் எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது.

வழக்கமாகக் கொடுப்பது என்பதிலிருந்து, கொடுக்கிற காசுக்கே அது பெயராகிவிட்டது. தெலுங்கிலும் மாமூலு என்றால் இந்த இரண்டு பொருளும் உண்டு. இந்தியில் மாமூலி என்றால் சாதாரணம், அவ்வளவுதான். இந்த மாதிரிக் காசுக்கு மும்பைப் பக்கம் ஹஃப்தா என்பார்கள். ஹஃப்தா என்றால் வாரம். உங்கள் அப்பாவின் சனிக்கிழமை அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது பாருங்கள்.

இனி உங்கள் மகனின் கேள்வி. ஒரு வழக்கில் நடைபாதையில் பழம் விற்கும் அம்மா ஒருவர் சாட்சி சொன்னார். "மாமூல் குடுத்தேன்" என்றார். எதிர்த்தரப்பு வக்கீல், "என்ன காரியம் ஆக வேண்டும் என்று கொடுத்தீர்கள்?" என்று கேட்டார். அந்த அம்மா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "காரியம் என்னாங்க காரியம், தேதி ஆயிடுச்சு, குடுத்தேன்" என்றார். அதை எழுத்தில் மாற்ற எனக்கு அன்றைக்கு வெகு நேரம் பிடித்தது. லஞ்சம் கொடுப்பவருக்கு ஒரு கையெழுத்தோ, ஒரு சான்றிதழோ, முந்திக் கிடைக்கும் ஓர் இடமோ வேண்டியிருக்கும். அந்த அம்மாவுக்கு அப்படி ஒன்றும் தேவைப்படவில்லை. தள்ளுவண்டி தள்ளுவண்டியாக நாளைக்கும் நிற்க வேண்டும், அதற்குக் கொடுத்தார். இதைப் பறிப்பு என்று சொல்வதே சரி. பயமுறுத்திப் பொருளைக் கொடுக்க வைப்பதை 1860ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டமே 383ஆவது பிரிவில் தனிக் குற்றமாகச் சொல்லியிருந்தது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக இப்போது வந்திருக்கும் பாரதிய நியாய சம்ஹிதாவில் அது 308ஆவது பிரிவு.

மளிகைக்கடைக்காரர் மகன்

பெரியவர் சொன்னதில் ஒரு பாதிதான் எனக்கு உடன்பாடு. என் அப்பா கடைசி வரை கொடுக்கவில்லை. அதனால் எடைக்கல்லில் முத்திரை தேய்ந்திருக்கிறது என்று வழக்கு, வாசலில் மூட்டை இருக்கிறது என்று வழக்கு. இரண்டு வருடம் அலைந்தார். கொடுத்தவர்கள் நிம்மதியாகக் கடை நடத்தினார்கள். எல்லோரும் கொடுப்பதால்தான் கொடுக்காதவன் தனியாக மாட்டுகிறான்.

மாமூல் என்ற சொல்லையே நான் வாயில் எடுப்பதில்லை. வழக்கம் என்று பெயர் வைத்ததும் கேட்பவனுக்குக் கூச்சம் போய்விடுகிறது, கொடுப்பவனுக்குக் கோபம் போய்விடுகிறது. லஞ்சம் என்றோ கையூட்டு என்றோ எழுதுங்கள். உங்கள் மகன் கேட்டது நியாயமான கேள்வி.

யாழ்ப்பாண வாசகி

தங்கச்சி, எங்கட பக்கம் மாமூல் என்ற சொல் புழக்கத்தில் இல்லை. கந்தோரில், அதாவது அலுவலகத்தில், வேலை முடிந்த பிறகு கையில் வைக்கிற காசுக்குச் 'சந்தோசம்' என்று சொல்லுவினம். அரசாங்கக் கடிதங்களில் இலஞ்சம் என்றுதான் வரும்; 1994இல் சட்டம் போட்டு அமைத்த ஆணைக்குழுவையும் சனம் இலஞ்ச ஊழல் ஆணைக்குழு என்றுதான் கதைக்கிறது.

ஆனால் நீங்கள் சொல்லுகிற மாதிரி வெருட்டி வாங்குகிற காசுக்கு எங்களிடம் வேறு சொல் உண்டு: கப்பம். அந்தக் காலத்தில் சிற்றரசன் பேரரசனுக்குக் கட்டினதுதான் கப்பம். இப்ப பத்திரிகையில் "கப்பம் கோரியவர் கைது" என்று வாசித்தால், யாரோ ஒரு வியாபாரியை மிரட்டியிருக்கினம் என்று எங்களுக்கு உடனே விளங்கும். அதைக் கட்டின வியாபாரியை ஒருவரும் குற்றவாளி என்று நினைக்க மாட்டினம். ஐயாவின் நோட்டில் இருக்கிற அந்த "மா." எனக்குக் கப்பமாகத்தான் தெரிகிறது.

ஓய்வுபெற்ற மொழிபெயர்ப்பாளர்

கப்பம். இந்தச் சொல் அன்றைக்கு எனக்குக் கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், நன்றி அம்மா.

மளிகைக்கடைக்காரர் மகனுக்கு: உங்கள் அப்பாவை நான் வணங்குகிறேன். சட்டமும் உங்கள் பக்கம் கொஞ்சம் வந்திருக்கிறது. 1988ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டத்தை 2018இல் திருத்தியபோது, கொடுப்பவரையும் நேரடியாகவே குற்றவாளி ஆக்கினார்கள். ஆனால் அதே 8ஆவது பிரிவில், கட்டாயத்தின் பேரில் கொடுத்தவர் 7 நாளுக்குள் புகார் செய்தால் அவர்மேல் குற்றம் இல்லை என்றும் வைத்திருக்கிறார்கள். விரும்பிக் கொடுப்பது வேறு, வேறு வழியில்லாமல் கொடுப்பது வேறு என்று சட்டத்துக்கே தெரிந்திருக்கிறது.

இன்னொன்று. உங்கள் அப்பாவுக்குக் கடை என்று ஒரு கட்டடம் இருந்தது, உள்ளே உட்கார்ந்து எதிர்த்து நிற்க முடிந்தது. வண்டிக்காரருக்குக் காலடி மண்ணே சொந்தம் இல்லை. சான்றிதழ் வாங்கி விதிப்படி வியாபாரம் செய்யும் தெருவோர வியாபாரியைப் போலீசாரும் தடுக்கக் கூடாது என்று சொல்லும் சட்டம் 2014இல்தான் வந்தது, அதன் 27ஆவது பிரிவு. 1993இல் அவர் எதைக் காட்டி மறுத்திருப்பார்?

மளிகைக்கடைக்காரர் மகன்

இதை நான் யோசிக்கவில்லை ஐயா. வண்டி வைத்திருந்தவர்களை என் அப்பா ஒருநாளும் குறை சொன்னதில்லை என்பது இப்போது நினைவுக்கு வருகிறது. அக்கா, மனம் நோக எழுதியிருந்தால் மன்னிக்க வேண்டும். ஆனாலும் அந்தச் சொல் எனக்குப் பிடிக்கவில்லை.

இட்லிக்கடை மகள்

நோகவில்லை தம்பி. உங்கள் அப்பாவைப் பற்றியும் மகனிடம் சொன்னேன்.

எல்லாப் பதில்களையும் அவனுக்கு வாசித்துக் காட்டினேன். உட்கார்ந்து நோட்டை முதலிலிருந்து கடைசி வரை எண்ணினான். 1993இல் 52 சனிக்கிழமை. நான்கில் மட்டும் "மா." இல்லை. அதில் மூன்று, அடைமழையில் கடையே போடாத நாட்கள். நான்காவது, ஜூன் மாதத்தில் ஒன்று. அந்தப் பக்கத்தில் செலவும் இல்லை, வரவும் இல்லை. "வண்டி எடுத்துப் போய்விட்டார்கள்" என்று ஒரே வரி. அடுத்த ஐந்து நாளும் வெற்றுப் பக்கம். அந்த ஐந்து நாளும் அப்பா சாப்பிடாமல் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார் என்று அம்மா இப்போதுதான் சொல்கிறார்.

48 வாரம், 20 ரூபாய் வீதம் 960 ரூபாய். அன்றைக்கு எங்கள் வண்டியில் இட்லி ஒன்று 50 காசு. "அம்மா, 1,920 இட்லி" என்றான். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டிய அப்பா கண்ணுக்குள் வந்து நின்றார்.

அவன் தனித்தாளில் கணக்கை எழுதி, மேலே "தாத்தா கொடுத்தது" என்று தலைப்பு வைத்திருந்தான். இன்று காலை பார்த்தால் அதை அடித்துவிட்டு, "தாத்தாவிடம் வாங்கியது" என்று மாற்றியிருக்கிறான்.