மருந்து கம்பெனி காசு, மனநல மாத்திரை: தங்கச்சி நிறுத்தப் போறேங்கறா, என்ன சொல்றது?

மழைத்தூறல்:
என் தங்கச்சி டிப்ரஷனுக்கு எஸ்சிடாலோபிராம் எடுத்துக்கிட்டு இருக்கா. ஆரம்பத்துல படுக்கைய விட்டே எழுந்திரிக்க மாட்டா, இப்ப தூங்குறா, சாப்பிடுறா, நாலு வார்த்தை பேசுறா. திடீர்னு மருந்து கம்பெனிங்க டாக்டர்களுக்குக் காசு குடுக்கறது, ஆராய்ச்சி ரிசல்ட்ட மறைக்கறது பத்தியெல்லாம் எங்கயோ படிச்சுட்டு, "மூளைல செரோடோனின்ங்கற ரசாயனம் குறைஞ்சு போச்சுன்னு சொன்னதே கட்டுக்கதையாம்க்கா, எல்லாம் வியாபாரம்"னு மாத்திரையவே நிறுத்தப் போறேங்கறா. டாக்டர்கிட்ட கேளுடின்னா அவர சந்தேகப்படுறோம்னு நினைச்சுக்குவாருன்னு கூச்சப்படுறா. இதுல எவ்வளவு நிஜம்?

தெற்குக்காற்று:
நிறைய நிஜம்ங்க, அத அவகிட்ட மறைக்காதீங்க. பராக்ஸெட்டின்னு ஒரு டிப்ரஷன் மருந்து, அத டிப்ரஷன் இருக்கற பதின்ம வயசுப் பசங்களுக்குக் குடுத்துப் பார்த்த ‘ஸ்டடி 329’னு ஒண்ணு, 2001ல ஜர்னல்ல வந்துச்சு, நல்லா வேலை செய்யுது, உடம்புக்கும் ஒத்துக்குதுன்னு. கட்டுரைய முதல்ல எழுதினது கம்பெனி காசு குடுத்து அமர்த்தின ஆளு, மேல போட்டிருந்தது பெரிய பெரிய டாக்டர்கள் பேரு. அதே டேட்டாவ வேற ஆராய்ச்சியாளர்கள் மொத்தமா எடுத்துத் திரும்ப அலசி 2015ல பிஎம்ஜேங்கற மருத்துவ ஜர்னல்ல போட்டாங்க, பலனும் இல்ல, தற்கொலை எண்ணம் மாதிரி ஆபத்துதான் கூடியிருக்குன்னு. நடுவுல அந்த 14 வருஷம் அந்தக் கட்டுரைய நம்பி எத்தனை டாக்டர்கள் எழுதிக் குடுத்திருப்பாங்க, எத்தனை பசங்க முழுங்கியிருப்பாங்க, நினைச்சாலே வயிறு எரியுது. 2012ல அந்த மருந்தோட கம்பெனி கிளாக்ஸோஸ்மித்க்ளைன் அமெரிக்காவுல 300 கோடி டாலர் கட்டுச்சு, அதுல வேற மருந்து விவகாரங்களும் சேர்ந்திருந்துச்சு, பராக்ஸெட்டின பசங்களுக்கு விளம்பரம் பண்ணதும் ஒண்ணு. மனச்சிதைவு நோய்க்குக் குடுக்கற ஓலான்ஸபின் விஷயத்துல அதோட கம்பெனி எலி லில்லி 2009ல 140 கோடி டாலருக்கு மேல கட்டுச்சு, அனுமதியே இல்லாம டிமென்ஷியாங்கற மறதி நோய் வந்த வயசானவங்களுக்கு அத எழுதிக் குடுக்கச் சொல்லி விளம்பரம் பண்ணதுக்காக.

எண்ணும்_எழுத்தும்:
மேல சொன்னது சரி, ஆனா அத்தோட நிறுத்துனா அந்தப் பொண்ணு இன்னைக்கே மாத்திரைய குப்பைல போட்டுரும். 2008ல டர்னர்னு ஒரு ஆராய்ச்சியாளரும் கூட இருந்தவங்களும் செஞ்ச வேலைய அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லுங்க. 12 டிப்ரஷன் மருந்துகளுக்காக மருந்துகளுக்கு அனுமதி குடுக்கற அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிஏகிட்ட பதிவான 74 டிரையல்கள, அதாவது நோயாளிங்ககிட்ட குடுத்துப் பார்த்த ஆய்வுகள எடுத்தாங்க. எஃப்டிஏ கணக்குப்படி 38தான் பாசிட்டிவ், அதாவது மருந்து பலன் குடுக்குதுன்னு காட்டுனது, அதுல 37 ஜர்னல்ல வந்துருச்சு. மிச்சம் 36ல 22 வெளியவே வரல, 11 நல்ல ரிசல்ட் மாதிரி ஜோடிச்சு வந்துச்சு, 3தான் உள்ளத உள்ளபடி வந்துச்சு. அதனால ஜர்னல் மட்டும் படிக்கிற டாக்டருக்கு நூத்துக்கு 94 பாசிட்டிவ்னு தெரியும், நிஜத்துல பாதிக்குப் பாதிதான். டாக்டர் நேர்மையான ஆளாவே இருந்தாலும் அவர் கைக்கு வந்த தகவலே வடிகட்டினது, எனக்குக் கோபமே அங்கதான்.

இன்னொரு பாதியும் இருக்கு. மறைச்சதையும் சேர்த்துக் கணக்குப் போட்டப்ப அந்த 12 மருந்தும் டம்மி மாத்திரையவிட மேலதான் இருந்துச்சு, ஆனா ஜர்னல்கள் காட்டுன பலன் சராசரியா 32 சதவீதம் ஊதிப் பெருசாக்குனது. 2018ல லான்செட்ங்கற மருத்துவ ஜர்னல்ல 522 டிரையல்கள சேர்த்துப் பார்த்ததுலயும் பலன் உண்டு, பெரும்பாலும் மிதமான பலன்னுதான் வந்துச்சு. செரோடோனின் குறைவுங்கற விளக்கத்துக்கு ஆதாரம் பலவீனம்தான், அத விளம்பரத்துல அளவுக்கு மீறி வித்தாங்க. விளக்கம் தப்பாப் போனதால மருந்து வேலை செய்யலன்னு ஆயிடாது, ரெண்டும் தனித்தனிக் கேள்வி.

வெயில்நிழல்:
நான் பைபோலாருக்கு, அதாவது மனநிலை ரொம்ப ஏறி ரொம்ப இறங்குற நோய்க்கு, லித்தியம்ங்கற மருந்து எடுக்கறவன். 1949லயே ஜான் கேட்ங்கற மனநல டாக்டர் இது பலன் குடுக்குதுன்னு எழுதிட்டாரு, விலை குறைவு, இதுல யாருக்கும் பெரிய லாபம் இல்ல, அதனாலயே புது மருந்துங்க அளவுக்கு யாரும் இத எடுத்துச் சொல்றதில்லைங்கறது என் ஆதங்கம். என்னோட இப்போதைய டாக்டர் முதல் நாளே "இது எப்படி வேலை செய்யுதுன்னு முழுசாத் தெரியாது, கிட்னி, தைராய்டு ரெண்டையும் பாதிக்கலாம், அதனால ரத்தம் டெஸ்ட் பண்ணிக்கிட்டே இருக்கணும்"னு சொன்னாரு. அதுக்கு முன்னாடி பார்த்தவங்க யாரும் அப்படிப் பேசல. அன்னைக்குத்தான் எனக்கு நம்பிக்கையே வந்துச்சு.

மழைத்தூறல்:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். அவளுக்கு 22 வயசு, அத முன்னாடியே சொல்லியிருக்கணும். டாக்டர்கிட்ட எப்படிக் கேட்கறது?

எண்ணும்_எழுத்தும்:
22ன்னா ஒரு விஷயம் முக்கியம். எஃப்டிஏ 2004ல பசங்களுக்குப் போட்ட தற்கொலை எண்ண எச்சரிக்கைய 2007ல 24 வயசு வரைக்கும் நீட்டிச்சாங்க, முக்கியமா ஆரம்ப வாரங்கள்லயும் டோஸ் மாத்தும்போதும் வீட்டுல கண்ணு வச்சிருக்கணும். திடீர்னு நிறுத்தினா தலைசுத்தல், மண்டைக்குள்ள ஷாக் அடிக்கிற மாதிரி, தூக்கமின்மை, பதட்டமெல்லாம் வரலாம், சில பேருக்கு அது மாசக்கணக்குல கூட நீடிக்கும். பழைய நோயே திரும்ப வந்துருச்சுன்னு அத தப்பா நினைச்சுக்கறவங்க நிறைய.

கூட நீங்களும் போங்க, நீங்களே வாயத் திறங்க: "இது இவளுக்கு எவ்வளவு நாள் வேணும், நிறுத்தணும்னா எப்படிப் படிப்படியாக் குறைப்பீங்க, மாத்திரை இல்லாம கவுன்சலிங் மட்டும் போதுமா, இந்தக் கம்பெனிகிட்ட நீங்க ஏதாவது வாங்குறீங்களா?" கடைசிக் கேள்விக்குக் கோபப்பட்டா வேற டாக்டரப் பாருங்க, அதுவரைக்கும் மாத்திரைய நிறுத்த விடாதீங்க.