கன்னத்துக்குக்கூட ஸ்கேன் எடுப்பாங்களா? உமிழ்நீர் சுரப்பி அல்ட்ராசவுண்ட் அனுபவங்கள்

ரெண்டு வருஷமா வாய் வறட்சி. ராத்திரி முழிச்சா நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிட்டு இருக்கும். கண்ணுல மணல் போட்ட மாதிரி உறுத்தல். முதல்ல பார்த்த டாக்டர் "டென்ஷன்தான், தண்ணி நிறைய குடிங்க"ன்னு அனுப்பிட்டார். (குடிக்காமலா இருந்தேன்!) கடைசியா ஒரு ரூமட்டாலஜிஸ்ட்தான் (மூட்டு, வாத நோய் டாக்டர்) ஷோக்ரன் நோயா, அதாவது நம்ம உடம்பு எதிர்ப்பு சக்தியே உமிழ்நீர், கண்ணீர் சுரப்பிகளைத் தாக்குற நோயா இருக்கலாம்னு சந்தேகப்பட்டு, ரத்தப் பரிசோதனையோட உமிழ்நீர் சுரப்பிக்கும் ஸ்கேன் எழுதிக் கொடுத்தார்.

மல்லாக்கப் படுக்க வெச்சு, தலையைத் திருப்பச் சொல்லி, காது மடலுக்குக் கீழே ஜில்லுனு ஜெல். காதுக்கு முன்னாடி ரெண்டு, தாடைக்கு அடியில ரெண்டு, மொத்தம் 4 சுரப்பி. வலி எதுவும் இல்லை. ஸ்கேன் பண்ணின டாக்டர் திரையை என் பக்கம் திருப்பி, முதல்ல என் தைராய்டைக் காட்டினார். மாவு சலிச்ச மாதிரி ஒரே சீரான சாம்பல். "நல்ல சுரப்பி இப்படி இருக்கும்"னார். அடுத்து கன்னத்துச் சுரப்பி. பூச்சி அரிச்ச இலை! சாம்பலுக்கு நடுவுல கறுப்பு கறுப்பா ஓட்டைகள். ரிப்போர்ட்ல மூணு சுரப்பிக்கு கிரேடு 2, ஒண்ணுக்கு 3. மனசுதான் காரணம்னு சொன்ன எல்லாருக்கும் அந்தப் படத்தை அனுப்பணும்போல இருந்துச்சு. வெளியே வந்து அழுதேன். கண்ணீர்தான் வரலை.

ரத்தத்துல இந்த நோய்க்காகத் தேடுற எஸ்எஸ்ஏ எதிரணு பாசிட்டிவ், கீழ் இமையில தாள் வெச்சு கண்ணீரை அளக்குற ஷர்மர் சோதனையிலும் கண் வறட்சி உறுதி. அதனால உதட்டுல சின்னதா சதை எடுத்துப் பார்க்குற பயாப்ஸி வேண்டாம்னுட்டாங்க.

* * *

நான் ஸ்கேன் செய்யும் பக்கம் இருப்பவன். அந்தக் கறுப்பு 'ஓட்டை' உண்மையில் ஓட்டை இல்லை. அழற்சி செல்கள் கூடி, சுரப்பியின் அமைப்பு கெட்டுப்போன இடங்களில் ஒலி அலை குறைவாகத் திரும்புகிறது. அதுதான் கறுப்பாகத் தெரிகிறது. கிரேடு 0 முதல் 3 வரை. 1 என்றால் லேசான சீரின்மை, கறுப்புத் திட்டு இருக்காது. 2 என்றால் அங்கங்கே திட்டு. 3 என்றால் சுரப்பி முழுக்கத் திட்டு, அல்லது சுரப்பியே நாராகிப் போயிருக்கும். கிரேடு 1-ஐ மட்டும் வைத்து யாரும் பயப்பட வேண்டாம், நோய் இல்லாதவர்களிடமும் அதைப் பார்க்கிறோம். சார்கோய்டோசிஸ் என்ற வேறொரு அழற்சி நோயிலும் இப்படித் திட்டுகள் வரலாம் என்பதால், படத்தை மட்டும் பார்த்து நோயின் பெயரை எழுதுவதில்லை. ஷோக்ரன் என்று வகைப்படுத்த 2016-இல் வந்த மதிப்பெண் பட்டியலிலும் ஸ்கேனுக்கு இடம் கிடையாது.

* * *

எனக்கு அப்படியே தலைகீழ். ஸ்கேன் சுத்தமா நார்மல், எஸ்எஸ்ஏ நெகட்டிவ். "ஒண்ணுமில்லை"ன்னு வீட்டுக்கு அனுப்பிடுவாங்கன்னு பயந்துட்டேன். நல்லவேளை, என் டாக்டர் விடலை. கீழுதட்டு உள்பக்கம் பயாப்ஸி எடுத்தாங்க, பாசிட்டிவ். மேலே சொன்ன பட்டியல்ல அதுக்கு 3 மதிப்பெண். ஷர்மர் தாள் 5 நிமிஷத்துல 3 மில்லிமீட்டர்தான் நனைஞ்சுது, அதுக்கு 1. தேவையான 4 தேறிடுச்சு. என்ன, மூணு மாசம் உதட்டுல ஒரு ஓரம் மரத்தே கிடந்துச்சு.

* * *

ஒரு பக்கக் கன்னம் மட்டும் வீங்கி, வாரக்கணக்கா வடியலைன்னா காத்திருக்காதீங்க. ஷோக்ரன் உள்ளவங்களுக்கு இந்தச் சுரப்பியில லிம்ஃபோமா (ஒரு வகை நிணநீர்ப் புற்றுநோய்) வர வாய்ப்பு மத்தவங்களைவிட அதிகம். எனக்கு ஸ்கேன்ல ஒரு திட்டு மட்டும் தனியாப் பெருசா இருந்துச்சு. ஸ்கேன் பார்த்துக்கிட்டே ஊசியால சதை எடுத்தாங்க. வெறும் அழற்சிதான். ரிசல்ட் வர்ற வரைக்கும் தூங்கலை.

* * *

முதல்ல எழுதினது நான்தான். வலது கன்னம் போன வாரத்துலேர்ந்து லேசா புடைச்சிருக்கு. குளிர்னு நினைச்சு விட்டிருந்தேன். இப்பத்தான் போன் பண்ணி, நாளைக்குக் காலையில ஸ்கேனுக்கு நேரம் வாங்கியிருக்கேன். பழைய படங்களையும் எடுத்துட்டு வரச் சொன்னாங்க.